பேர் குடுத்தாச்சு

பதுளையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இரண்டு மேசை, மூன்று கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் தவறாமல் ஒழுகும் ஒரு மூலை, அதன் கீழே ஒரு வாளி. ஆட்கள் என்று பார்த்தால் நானும், நான் 'சேர்' என்று கூப்பிடும் என் முதலாளியும் மட்டும்தான். சேர் சிங்களவர், பதுளைக்காரர், கொழும்பில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். என்னிடம் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் பேசுவார். நான் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, புரோகிராம் எழுதுகிற வேலைக்கு வந்தவள். தோட்டத்தில் 'கம்ப்யூட்டர் வேலை' என்றால் டைப் அடிக்கிறேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழையை யாரும் பழைய கண்ணால் பார்ப்பதில்லை. விடாமல் பெய்தால் லயத்தில் பேச்சு குறைந்துவிடும். ஒரு உதவி நிறுவனம் முன்வந்து சில தோட்டங்களில் மழை அளக்கும் கருவியும், மலையில் வெடிப்பு விரிந்தால் செய்தி அனுப்பும் கருவியும் வைத்தது. அந்தச் செய்தியை வாங்கி, சம்பந்தப்பட்ட ஆட்களுக்கு உடனே போன் அடித்துச் சொல்லும் புரோகிராமை எழுதும் வேலை எங்களுக்கு வந்தது.

இந்த வகைப் புரோகிராம் மேலிருந்து கீழாக ஓடி முடிகிற கதை இல்லை. அது சும்மா நிற்கும். ஏதாவது நடந்தால்தான் அசையும். மழை கூடியது, வெடிப்பு விரிந்தது, ஒருவர் போனை எடுத்தார், இன்னொருவர் எடுக்கவில்லை என்று நடப்பது ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. எந்த நிகழ்வுக்குப் புரோகிராமின் எந்தத் துண்டு ஓட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நேரம் வந்தால் அது நம்மைக் கூப்பிடும். நாமாக அதைக் கூப்பிட முடியாது. படிக்கிற காலத்தில் இது எனக்கு முதல் நாளே புரிந்தது. புரிந்த அன்றே பிடிக்காமலும் போய்விட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் என் அம்மா இப்படித்தான் நின்றாள். கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடும்வரை நிற்க வேண்டும். அந்த நிற்றலைக் கம்ப்யூட்டருக்குள்ளும் பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது.

ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் விதி வேறு. ஒரு இடத்தில் கோயிலடிக்கு ஓட வேண்டும், இன்னொரு இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு. முதலில் யாருக்குச் சொல்வது, பிறகு யாருக்கு என்பதும் மாறும். இதையெல்லாம் பதுளையில் உட்கார்ந்துகொண்டு நாம் எழுதக்கூடாது, அந்தந்தத் தோட்டத்துக்காரர்களே எழுத வேண்டும் என்பது சேரின் கொள்கை. நல்ல கொள்கைதான். தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்களும் உயர்தரம் வரை படித்த பெண்பிள்ளைகளும் வந்து எங்கள் ஒழுகும் அறையில் உட்கார்ந்தார்கள். நிகழ்வுக்கு ஒரு துண்டு, பதிலுக்கு ஒரு துண்டு, பதில் இல்லாததற்கு ஒரு துண்டு என்று எழுதச் சொன்னதும் எல்லாருக்கும் முழி பிதுங்கிவிட்டது. "போன எடுத்தா அடுத்து என்னங்கிறத அதுக்குக் கீழயே எழுதாம எதுக்கு மிஸ் வேற எங்கயோ போய் எழுதணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

அவர்களுக்காகத்தான் அந்த ஃபங்ஷனை எழுதினேன். அதன் பேர் 'கேள்'. கேள் என்று போட்டு, அடைப்புக்குள் யாரை என்று எழுதினால் போதும். அது போன் அடிக்கும், என் குரலில் செய்தியைச் சொல்லும், பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். பதில் வந்த பிறகுதான் அடுத்த வரி ஓடும். பேசுவதைப் போலவே மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு போகலாம். நிகழ்வுகள், காத்திருத்தல், வரிசை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். சேர் பார்த்துவிட்டு, "கேள் எண்டா கேட்கிறதா, காது குடுக்கிறதா?" என்றார். "ரெண்டும்தான் சேர். ரெண்டுக்கும் எங்களுக்கு ஒரே சொல்லுதான்" என்றேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த வேலையில் எனக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட தோட்டங்களில் ஒன்றில்தான் என் அக்கா கொழுந்து எடுக்கிறாள். அவள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இங்கே இருக்கக்கூடாது என்றார்கள், வேறு இடத்தில் வீடு தருகிறோம், சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, பெண்குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தை நடக்கவும் தொடங்கிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அக்கா மலைக்குப் போகும் நேரத்தில் குழந்தை புள்ளக்காம்பராவில் இருக்கும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அந்தத் தோட்டத்தில் அது வெடிப்புக்கு நேர் கீழே இருந்தது.

எல்லாம் முடிந்து வருகிற நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தில் நானும் சேரும் முட்டிக்கொண்டோம். கேட்டும் பதில் வராவிட்டால் என்ன செய்வது? போன ஃபங்ஷன் திரும்பி வர வேண்டும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'பதில் இல்லை' என்ற விடையோடு வந்துவிடட்டும் என்றார் சேர். எந்தப் பாடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பதில் வரும்வரை அது விடாமல் அடிக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எங்கள் ஆட்களிடம் வந்து கேட்டுவிட்டு, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போனவர்கள் போதும் என்றேன். கத்தித்தான் சொன்னேன். கீழே மருந்துக்கடைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்கும். சேர் வாளியில் விழும் சொட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, சரி என்றார். ஆனால் நெடுநேரம் பதில் வராத இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற ஆளைத் தேடி அனுப்ப வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். அப்படியே வைத்தோம்.

பிறகு ஒரு நாள் அக்காவின் தோட்டத்துக்குப் போய் விளக்கம் கொடுத்தேன். லயத்துக்கு ஒருவர், கொழுந்து எடுக்கும் கேங்குக்கு ஒருவர், புள்ளக்காம்பராவுக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா என்று ஆட்களைப் பிரித்திருந்தோம். அக்காதான் அவள் கேங்குக்குப் பொறுப்பு. செய்தியைப் போட்டுக் காட்டினேன். "மலையில வெடிப்பு கூடியிருக்கு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வாங்க. வந்து ஒன்னாம் நம்பர அமுக்கிப் பேர் குடுங்க." நிறுவனத்திலிருந்து வந்த வாசகத்தில் 'பதிவு செய்யவும்' என்றுதான் இருந்தது. எங்கள் ஆட்களிடம் அப்படிப் பேசினால் யாருக்கு ஒட்டும்? நானும் சேரும் உட்கார்ந்து, எல்லார் வாயிலும் வருகிற பேச்சாக அதை மாற்றினோம்.

ஆயம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூத்தவர், கனத்த குரல், யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். பிள்ளையை எடுக்கப் பிந்தி வருகிற தாய்மாருக்கு அவரிடம் நல்ல கிழி கிடைக்கும். அக்காவும் வாங்கியிருக்கிறாள். புருஷனுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. மற்றவர்கள் எல்லாம் நான் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனபோது, ஆயம்மா மட்டும் உதவி நிறுவனம் கொடுத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"புள்ளக்காம்பராவுல அந்த ஜன்னல்கிட்ட வச்சாத்தான் இதுல சிக்னல் வருது பாப்பா. பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க. அங்கயே வச்சிருங்க."

"இந்தப் போன்லதான் அமுக்கணுமா? வேற போன்ல அமுக்கினா ஏத்துக்காதா?"

"ஏத்துக்காதுங்க. அந்தந்த நம்பர்ல இருந்துதான் வரணும்."

"அமுக்கலன்னா?"

"அமுக்குற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும். அப்பவும் வரலன்னா ஒங்களத் தேடி ஆளு அனுப்புவோம்."

"யார அனுப்புவீங்க?"

"கிட்ட யாரு இருக்காங்களோ அவங்கள."

அவர் மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "வர்ற ஆளும் புள்ளகுட்டிக்காரனாத்தான இருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் சிரித்தேன். ஆயம்மாவின் பேச்சு எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அன்று வேலை இல்லை, எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். போன் அடித்ததும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். திரையில் சிவப்பாக இருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சை ஆனதைப் பார்த்துச் சேர் கைதட்டினார். யார் எந்த இடத்தில் நின்றுகொண்டு ஒன்றை அமுக்கினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் வெறித்து, மூன்று நாள் பெய்து, பிறகு வெறிப்பே இல்லாமல் பெய்தது. பதுளையில் பாதைகள் ஓடைகளாக இருந்தன. வாளியை ஊற்றிவிட்டு வந்து உட்காருவதற்குள் அது மறுபடி நிறைந்தது. வேலைநாள், மத்தியானம் தாண்டிய நேரம், அக்காவின் தோட்டத்தில் வெடிப்பு விரிந்த செய்தி திரையில் வந்து விழுந்தது. அந்தத் தோட்டத்தின் விதி ஓடத் தொடங்கியது. கேள், கேள், கேள் என்று எல்லா இடத்துக்கும் போன் போனது.

உடனுக்குடன் பச்சை விழுந்தது. மேல் லயம் பச்சை, கீழ் லயம் பச்சை, அக்காவின் கேங் பச்சை. சேர் நாற்காலியில் சாய்ந்து, "ஒங்கட ஆக்கள் நல்ல வேகம்" என்றார். எனக்கும் ஒரு மூச்சு நேரம் சந்தோஷமாக இருந்தது. புள்ளக்காம்பரா மட்டும் சிவப்பாக நின்றது. போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அக்காவின் குழந்தை அதற்குள் இருக்கிறது. மற்றவர்கள்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களே, அக்காவைக் கேட்டால் தெரியும் என்று என் போனிலிருந்து அவளுக்கு எடுத்தேன்.

"அக்கா, ஆயம்மா வந்துட்டாங்களா? பாப்பா வந்துட்டாளா?"

"எங்கடி வர? நான் கொழுந்து நிறுவையில நிக்கிறேன். ஏன் கத்துற?"

"நிறுவையிலயா? ஒனக்குப் போன் வரலையா?"

"வந்துச்சே. ஒன்ன அமுக்கிட்டேன். எங்க கேங்குக்கே பேர் குடுத்தாச்சு."

"பேர் குடுத்தா பள்ளிக்கூடத்துலல்ல நிக்கணும்!"

"போவோம்டி. கொழுந்த நிறுத்துட்டு ஏறிருவோம். அதான் பேர் குடுத்தாச்சுல்ல, இனி அரைப்பேருன்னு எவனும் சொல்ல முடியாது."

தோட்டத்தில் பேர் என்றால் வெறும் பேர் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை, அன்றைக்குச் சம்பளம். இடையில் விட்டுப் போனால் அரைப்பேர். அங்கே முதலில் பேர், பிறகுதான் வேலை. தலைமுறை தலைமுறையாக அந்த ஒழுங்குதான். போனில் 'பேர் குடுங்க' என்று கேட்டதும் எல்லாரும் அதே ஒழுங்கில் முதலில் பேரைக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, கையில் இருந்த வேலையை முடித்துக்கொண்டு ஏறலாம் என்று நிதானமாக நின்றார்கள். மழைக்குள் வேலையை விட்டு ஓடினாலும் அன்றைய பேர் போகாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றுகூடச் சிலர் நினைத்திருக்கிறார்கள். 'கேள்' அதை வாங்கிக்கொண்டு 'வந்தாச்சு' என்று எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. திரையில் இருந்த அத்தனை பச்சையும் பொய்.

"அக்கா, புள்ளக்காம்பராவுல இருந்து பதிலே வரல" என்றேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு மேலே போ என்று சொல்லத்தான் அடுத்து வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். எந்தப் பக்கம் ஓடியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

சேர் அதற்குள் தோட்டத்து ஆபீசுக்கு எடுத்து, சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். நிறுவையை நிறுத்துங்கள், எல்லாரையும் ஏற்றுங்கள் என்றார். ஆபீசில் இருந்தவர் மைக்கில் சொல்லியிருக்கிறார், ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். "இன்னைக்கு எல்லாருக்கும் முழுப்பேர், கொழுந்த அப்படியே போட்டுட்டு ஏறுங்க" என்று அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் கூட்டம் அசைந்ததாம். இதைப் பிறகு எனக்குச் சொன்னார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆனால் கோபம் வருகிறது.

புள்ளக்காம்பரா சிவப்பாகவே இருந்தது. கிட்டத்தில் இருப்பது பெக்டரி. அங்கிருந்து இரண்டு பேரைக் கீழே அனுப்பியிருப்பதாக ஆபீசில் சொன்னார்கள். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. "அவ கையில பிள்ளைகள் இருக்கும். இத நிப்பாட்டுவமா?" என்று சேர் கேட்டார். "வேணாம் சேர், அடிக்கட்டும்" என்றேன். அடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பக்கம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று என் மனதுக்குள் ஒரு நம்பிக்கை. நிறுத்திவிட்டால் நானே கைவிட்ட மாதிரி இருக்கும்.

அப்போது அது பச்சையானது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அழுகை வந்தது, சேர் முன்னால் என்றுகூடப் பார்க்கவில்லை. மற்ற பச்சைகளை நம்ப முடியாது, ஆனால் இதை நம்பலாம். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு வந்த பதில் இது ஒன்றுதான். ஏறி வந்து சேர்ந்த பிறகுதான் ஆயம்மா அமுக்கியிருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள். சேர் ஆபீசுக்கு எடுத்து, பதில் வந்துவிட்டது, கீழே போன இரண்டு பேரையும் திரும்பி வரச் சொல்லுங்கள் என்றார். அவர்கள் பாதி வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள், திரும்பச் சொல்லிவிட்டோம் என்று பதில் வந்தது. சேர் எழுந்து போய் வாளியை ஊற்றிவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் வெடிப்புக் கருவியிலிருந்து செய்தி வருவது நின்றுபோனது. மழைமானியும் நின்றது. டவர் போயிருக்கும் என்று பேசிக்கொண்டோம். நெடுநேரம் கழித்து ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் போனில் அக்கா பேசினாள்.

"புள்ளைங்க எல்லாம் வந்துருச்சுடி. பாதையில வச்சே நான் பாத்துட்டேன். இடுப்புல ஒன்னு, கையில ஒன்னுன்னு ஆயம்மா கூட்டிக்கிட்டு ஏறுனா. நான் ரெண்டு புள்ளைங்கள வாங்கிக்கிட்டேன். பாப்பா என் இடுப்புலதான் இருக்கா."

"தெரியும்க்கா. ஆயம்மா அமுக்குனாங்களே, வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"ஒன்ன அமுக்குனது. பச்சை விழுந்துச்சு."

பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து அக்கா, அக்கா என்றேன்.

"ஆயம்மா இங்க இல்லடி" என்றாள். "புள்ளைங்க தலைய எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தா. எல்லாம் இருக்குன்னா. அப்பறம், போன் அடிச்சதுமே புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஏறிட்டேன், போன ஜன்னல்லயே விட்டுட்டேன், கை ஒழியலன்னா. அது அடிச்சுக்கிட்டே கெடக்கும், பதில் போகலன்னா நம்மளத் தேடி ஆள எறக்கிருவாங்க, எவனாச்சும் வந்து மாட்டிக்குவான், ஒரு ஓட்டம் போயி அமுக்கிட்டு வந்துர்றேன்னு எறங்குனா. நான் புள்ளைங்களப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கூப்புட்டேன்டி, திரும்பிப் பாக்கல. அதுக்கப்பறம்தான் மலை வந்துச்சு."

அந்தப் பச்சை புள்ளக்காம்பராவின் ஜன்னலடியில் இருந்து வந்திருக்கிறது. நான் எழுந்து நின்று அழுத நேரத்தில் அவர் அதற்குள் இருந்திருக்கிறார். இதைச் சேருக்கு எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

லயமும் போனது, புள்ளக்காம்பராவும் போனது. உயிர் என்று போனது ஆயம்மா ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பெரிய சேதம் தவிர்க்கப்பட்டது என்று உதவி நிறுவனத்திலிருந்து பாராட்டு வந்தது. சேர் அதை வாசித்துவிட்டு எனக்குக் காட்டாமல் மூடினார், நான் பிறகு தேடிப் படித்தேன். 'கேள்' இப்போது பழைய மாதிரி இல்லை. போன் வந்து சேர்ந்ததற்கு ஒரு பதில், ஆள் வந்து சேர்ந்ததற்கு வேறு பதில் என்று இரண்டாகப் பிரித்துவிட்டோம். எந்தப் போனிலிருந்தும் பதில் சொல்லலாம். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு 'பதில் இல்லை' என்று திரும்பிவிடும். பேர் என்ற சொல்லையே செய்தியிலிருந்து எடுத்துவிட்டோம். எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது ஒரே வரிதான், பழையதைவிடச் சுலபம் என்றுகூடச் சொல்கிறார்கள்.

ஆயம்மாவைத் தோண்டி எடுத்து அடக்கம் செய்த அன்று நானும் சேரும் போனோம். மழை வெறித்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரு மரப் பலகை வாங்கில் அவருடைய புருஷன் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டப் போனதும் நகர்ந்து இடம் விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"போனுல பேசுறது நீங்கதான பாப்பா?" என்றார் அவர்.

"ஆமாங்க மாமா."

"ஒன்னு கேக்கணும். அன்னைக்குப் பெக்டரியில இருந்து ரெண்டு பேர புள்ளக்காம்பராவுக்குப் போகச் சொன்னாங்க. நான்தான் போறேன்னு மொதல்ல ஓடுனேன், அவ அங்க இருக்காளேன்னு. பாலத்துக்கிட்டப் போறப்ப, வேணாம், திரும்பி வந்துருங்கன்னு சத்தம் போட்டாங்க. நானும் திரும்பிட்டேன்." அவர் கைகளைப் பார்த்தார். "ஏன் என்னையத் திரும்பச் சொன்னீங்க?"

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து வர என்னால் முடியாது.

"புள்ளக்காம்பராவுல இருந்து பதில் வந்துருச்சுங்க மாமா. அதான்."

"அவ அமுக்குனதா?"

"ஆமாங்க."

அவர் சேரைப் பார்த்து, நிற்கிறீர்களே, உட்காருங்கள் என்று வாங்கில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.